டச்சில் வினைச்சொல் எங்கே உட்காரும்?

(டச்சு 'ஜி' தொண்டையை உரசிக்கொண்டு வரும் ஒலி. அதை இங்கே 'ஃக' என்று எழுதியிருக்கிறேன்.)

'நாளை நான் வேலை செய்கிறேன்' என்பதற்கு 'மோர்ஃகன் இக் வெர்க்' என்றேன். வகுப்பில் சிரித்தார்கள். எங்கே தப்பு?

தப்பு உங்கள் டச்சில் இல்லை, தலைக்குள் ஓடும் இங்கிலீஷில். சாதாரண டச்சு வாக்கியத்தில் வினைக்கு இரண்டாவது நாற்காலி. 'இக் வெர்க் மோர்ஃகன் ஒப் கான்தோர்': நான் நாளை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். 'மோர்ஃகன்' முன்னால் வந்து உட்கார்ந்தால் வினை அசையாது, 'இக்' எழுந்து அதற்குப் பின்னால் போகும்: 'மோர்ஃகன் வெர்க் இக் ஒப் கான்தோர்'.

இரண்டாவது நாற்காலி என்றால் இரண்டாவது சொல் அல்ல. 'ஒப் மான்டாஃக் ஒம் நேஃகன் ஊர்' (திங்கள் ஒன்பது மணிக்கு) முழுவதும் ஒரே நாற்காலிதான். இந்த 'ஊர்' மணி, நம் ஊர் அல்ல. 'கான்தோர்' எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதா? 1658-இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். இலங்கைத் தமிழில் இன்றும் அது கந்தோர்.

'ஒம்தாத்' (ஏனென்றால்) வந்தால் மட்டும் வினை ஏன் கடைசிக்கு ஓடுகிறது?

இதில் தமிழருக்குத்தான் லாபம். 'இக் ப்ளைஃப் தவுஸ், ஒம்தாத் இக் ஸீக் பென்.' வீட்டில் இருக்கிறேன், ஏனென்றால் எனக்கு உடம்பு சரியில்லை. 'பென்' (இருக்கிறேன்) கடைசியில். தாத் (என்று), அல்ஸ் (என்றால்), ஒம்தாத் போன்ற சொற்களால் தொடங்கும் துணை வாக்கியம் எல்லாவற்றிலும் இப்படித்தான். அங்கே தமிழ்ப் பழக்கத்தையே அப்படியே பின்பற்றுங்கள். டச்சின் அடிப்படை வரிசையே வினை கடைசியில் வருவதுதான், முதன்மை வாக்கியத்தில் அது முன்னால் நகர்ந்துவிடுகிறது என்று யான் கோஸ்டர் என்ற மொழியியலாளர் 1975-இல் வாதிட்டார். எனக்கு அது சரியாகவே படுகிறது.

துணை வாக்கியம் முதலில் வந்தால் கமாவின் இருபுறமும் இரண்டு வினைகள் முட்டிக்கொள்ளும்: 'ஒம்தாத் இக் ஸீக் பென், ப்ளைஃப் இக் தவுஸ்.' அந்த முட்டல் காதில் விழுந்தால் வாக்கியம் சரி. அப்புறம் ஒன்று: 'வன்ட்' என்பதற்கும் 'ஏனென்றால்' என்றுதான் பொருள், ஆனால் அது வினையைத் தொடாது: 'வன்ட் இக் பென் ஸீக்'.

ஓர் அலுவலகக் கடிதத்தில் 'வை நோடிஃகன் உ' என்று இருந்தது. 'நோடிஃக்' என்றால் தேவை. நான் அவர்களுக்குத் தேவையா?

இல்லை, உங்களை அழைத்திருக்கிறார்கள். அதே வாக்கியத்தில் கொஞ்சம் தள்ளி 'அவுட்' என்று ஒரு குட்டிச் சொல் நிற்கும், பாருங்கள். வினை 'அவுட்நோடிஃகன்', அழைத்தல். தலை பிரிந்து பின்னால் போய்விட்டது. நானும் ஆரம்ப நாட்களில் பாதி வாக்கியத்தைப் படித்துவிட்டு அகராதியைத் திறந்து ஏமாந்திருக்கிறேன். 'ஒப்பெல்லன்' (போன் செய்தல்) அப்படியே: 'இக் பெல் யே மோர்ஃகன் ஒப்'. துணை வாக்கியத்தில் இரண்டும் மறுபடி ஒட்டிக்கொள்ளும்: 'தாத் இக் யே மோர்ஃகன் ஒப்பெல்'. முற்றுப்புள்ளி வரை படிக்காமல் அகராதியைத் தொடாதீர்கள்.

'நீட்' (இல்லை) எங்கே போடுவது?

குறிப்பிட்ட ஒரு பொருளைச் சொன்னால் அதற்குப் பின்னால்: 'இக் கோப் ஹெட் புக் நீட்' (அந்தப் புத்தகத்தை வாங்கவில்லை). இடத்துக்கும் பண்புக்கும் முன்னால்: 'இக் ஃகா நீட் நார் ஸ்கோல்' (பள்ளிக்குப் போகவில்லை), 'ஹெட் இஸ் நீட் டூர்' (அது விலை அதிகமில்லை). 'ஒரு கார் இல்லை' என்பதுபோல் பொதுவான பொருள் என்றால் 'நீட்' வேண்டாம், 'ஃகேன்': 'இக் ஹெப் ஃகேன் அவுட்டோ'.

காலமும் இடமும் எந்த வரிசையில்?

தமிழில் யோசியுங்கள். நான் நாளைக்கு ரயிலில் ரோட்டர்டாமுக்குப் போகிறேன்: 'இக் ஃகா மோர்ஃகன் மெட் டெ ட்ரேன் நார் ரோட்டர்டாம்'. காலம், விதம், இடம். இங்கிலீஷ் வழியாக வந்தால்தான் தலைகீழாகும்.

'படித்திருக்கிறேன்' என்பதற்கு 'ஃகெலேஸன் ஹெப்' சரியா, 'ஹெப் ஃகெலேஸன்' சரியா?

துணை வாக்கியத்தில் இரண்டும் சரி. முதலாவது பச்சை வரிசை, இரண்டாவது சிவப்பு வரிசை. அனிதா பாவெல்ஸ் 1953-இல் வெளியிட்ட ஆய்வின் வரைபட நிறங்களிலிருந்து வந்த பெயர்கள் இவை. நெதர்லாந்தில் அச்சில் சிவப்பைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். வாய்க்கு எது வருகிறதோ அதைச் சொல்லுங்கள்.