மாடு போகும், கயிறு போகாது

அன்புள்ள ஐயா,

உக்ரேன் போர் பற்றி நீங்கள் இடைக்கிடை எழுதுவதை வாசித்து வருகிறேன். ஒரு விஷயம் எனக்கு விளங்கவில்லை. போலந்துக்கும் சுலோவாக்கியாவுக்கும் பக்கத்து வீடு பற்றி எரிகிறது. கூட்டணி என்கிறார்கள், கடைசிவரை கூட நிற்போம் என்கிறார்கள். ஆனால் ஒரு விமானம் கொடுக்க ஒரு வருடம் இழுத்தடித்தார்கள். டாங்கி என்றவுடன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கொடுப்பதென்றால் கொடுக்கவேண்டியதுதானே? "எல்லாம் வியாபாரம்" என்று அப்பா ஒரே வரியில் முடித்துவிடுகிறார். எனக்கு அது போதவில்லை.

இன்னொன்று. எங்கள் காணியில் கிணற்றடிக்குப் பின்னால் கறள் பிடித்த இரும்புக் குழாய் ஒன்று பாதி புதைந்து நிற்கிறது. 2000ஆம் ஆண்டுச் சண்டைக்குப் பிறகு திரும்பி வந்தபோதே கிடந்ததாம். அம்மம்மா அதில்தான் கன்று கட்டுகிறா. மேலே சீன எழுத்துப் போல ஏதோ தெரிகிறது. சீனாவும் எங்களுக்கு எதிராகவா இருந்தது?

க.
சாவகச்சேரி

அன்புள்ள தம்பி,

அப்பா சொல்வது பாதி சரி. மற்றப் பாதிக்கு என் பெரியப்பாவைக் கூப்பிடவேண்டும். அவர் மாட்டுத் தரகர். மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்கமாட்டார், வாங்க வருகிறவர் தன் கயிற்றோடு வரவேண்டும். கயிறும் சேர்ந்து போனால் பட்டியின் ராசி போய்விடும் என்பார். ஆயுதச் சந்தையிலும் கயிற்றைக் கொடுப்பதில்லை. ஆனால் அங்கே கயிறு மாட்டின் கழுத்திலேயே கிடக்கும், மறுமுனை மட்டும் விற்றவரின் கையில். வாங்கியவர் அதை இன்னொருவருக்குக் கொடுக்க விற்றவர் சம்மதிக்கவேண்டும்.

விமானத்தையே எடுப்போம். கிழக்கு ஜேர்மனி சோவியத்திடம் வாங்கிய மிக்-29கள், 1990இல் இரண்டு ஜேர்மனிகளும் ஒன்றானபோது புதிய ஜேர்மனியிடம் வந்தன. அவற்றில் 22ஐ அது 2000களின் தொடக்கத்தில் போலந்துக்குக் கொடுத்தது, விமானம் ஒன்று ஒரு யூரோப்படி. எங்கள் கடையில் ஒரு பிளேன்ரீயும் வடையும் வாங்கும் காசு. இருபது வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், அதில் ஐந்தை உக்ரேனுக்குக் கொடுக்கப் போலந்து வெளிக்கிட்டபோது ஜேர்மனியிடம் எழுத்தில் அனுமதி கேட்கவேண்டி வந்தது. கேட்ட அன்றே கிடைத்துவிட்டது, அது வேறு கதை.

எஸ்தோனியாவுக்கு அப்படி வாய்க்கவில்லை. அதனிடம் இருந்த பழைய டி-30 ஆட்டிலெறிப் பீரங்கிகளும் கிழக்கு ஜேர்மனிச் சரக்குத்தான், பின்லாந்து வழியாக வந்தவை. 2022 ஜனவரியில், சண்டை தொடங்கும் முன்பே, அவற்றை உக்ரேனுக்குக் கொடுக்க எஸ்தோனியா கேட்டது. ஜேர்மனி விடவில்லை. அதே ஜனவரியில் ஜேர்மனி தன் பங்குக்கு அறிவித்தது 5000 தலைக்கவசங்கள். போர் தொடங்கிய மூன்றாம் நாள்தான் ஆட்டிலெறிக்கு வழி விட்டார்கள். சுவிஸ் இன்னும் கறார். ஜேர்மனி கொடுத்த கெப்பார்ட் விமான எதிர்ப்பு வண்டிகளுக்கு வேண்டிய 35 மி.மீ. ரவைகள் சுவிஸில் செய்யப்பட்டவை. கிட்டத்தட்ட 12,400 ரவைகளை ஜேர்மனி அனுப்பக் கேட்டும், நடுநிலை நாடு என்று சொல்லி மறுத்துவிட்டது. கடைசியில் ஜேர்மனிக்காரர் தங்கள் ஊரிலேயே அந்த ரவையைச் செய்யத் தொடங்கினார்கள்.

நீங்கள் சொன்ன அந்த ஒரு வருட இழுபறிக்கு வேறு காரணமும் உண்டு. 2022 மார்ச் 8ஆம் திகதி போலந்து தன் மிக்-29 எல்லாவற்றையும் இலவசமாகத் தருகிறேன் என்றது. ஆனால் உக்ரேனிடம் இல்லை. ஜேர்மனியில் உள்ள அமெரிக்கத் தளமான ராம்ஸ்டைனில் கொண்டுபோய் விடுகிறேன், மிச்சத்தை அமெரிக்கா பார்த்துக்கொள்ளட்டும் என்றது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் கையை விரித்தது. நேட்டோ கூட்டணியின் தளத்திலிருந்து எழும்பிய விமானம் ரஷ்யாவோடு சண்டைக்குப் போனால் அடுத்த குண்டு எங்கே விழும் என்ற பயம். எல்லோருக்கும் கொடுக்க விருப்பம், கையெழுத்து மட்டும் மற்றவருடையதாக இருக்கவேண்டும். நான் இதைக் கோழைத்தனம் என்று எழுதமாட்டேன். நேட்டோ உறுப்பு நாட்டை அடித்தால் மற்றவர்களும் அதற்காக எழும்பவேண்டும் என்று அதன் ஐந்தாம் பிரிவு சொல்கிறது. போலந்து அந்தக் கூரைக்குக் கீழே நிற்கிறது, உக்ரேன் முற்றத்தில் நிற்கிறது. கூரைக்குக் கீழே நிற்பவனுக்கும் மழை தெறிக்கும் பயம் இருக்கும்.

இனி அப்பாவின் பாதி. சுலோவாக்கியா 30 பழைய பி.எம்.பி-1 கவச வண்டிகளை உக்ரேனுக்குக் கொடுத்தது, அதற்கு ஈடாக ஜேர்மனி அதற்கு 15 லெப்பர்ட்-2 டாங்கிகள் கொடுத்தது. போலந்து 200க்கு மேற்பட்ட டி-72 டாங்கிகளைக் கொடுத்தது, அதே வருடம் 250 புதிய ஏப்ரம்ஸ் டாங்கிகளை அமெரிக்காவிடமும், கே-2 டாங்கிகளைத் தென்கொரியாவிடமும் வாங்க ஒப்பந்தம் செய்தது. சோவியத் காலத்துப் பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை எடுக்கிற வேலை என்று அப்பா சிரிக்கலாம். ஆனால் அந்த டி-72கள் போனது 2022இன் முதல் மாதங்களில். பெரிய நாடுகள் டாங்கி என்ற சொல்லையே வாயில் எடுக்கத் தயங்கிய நேரம். ஜேர்மனி தன் லெப்பர்ட்டுக்குச் சம்மதித்தது 2023 ஜனவரி 25இல்தான், அதுவும் அமெரிக்காவும் ஏப்ரம்ஸ் தருகிறேன் என்று சொன்ன அதே நாளில்.

இதே போலந்து 2023 செப்டெம்பரில் உக்ரேன் தானியத்துக்குக் கதவடைத்தது. தன் விவசாயிக்கு விலை விழுகிறது என்று. அந்தச் சண்டையின் சூட்டில் போலந்தின் அன்றைய பிரதமர் மொராவியெட்ஸ்கி, உக்ரேனுக்கு இனி ஆயுதம் கொடுப்பதில்லை என்று சொன்னார். வெளிநாட்டுக்காரர் இதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். எனக்கு அது புதினமாக இல்லை. எங்கள் வெங்காயமும் உருளைக்கிழங்கும் கிண்டுகிற நேரம் பார்த்து கப்பலில் வந்து இறங்கினால் இங்கே என்ன கதை நடக்கும் என்பது உங்களுக்கும் தெரியும்.

கயிறு என்றால் அனுமதிக் கடிதம் மட்டும் இல்லை, பீரங்கிக்குப் போடுகிற செல்லும்தான். சோவியத் ஆட்டிலெறியின் வாய் 152 மி.மீ., நேட்டோவினுடையது 155. அந்த மூன்று மில்லிமீற்றரால் புதிய பீரங்கியைக் கொடுத்தவனிடமே ஒவ்வொரு மாதமும் செல்லுக்குக் கையேந்தவேண்டும். ஒரு வருடத்துக்குள் பத்து லட்சம் செல் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச்சில் வாக்குக் கொடுத்தது. தவணை முடிந்தபோது போய்ச் சேர்ந்தது ஏறக்குறையப் பாதி. 2025 மார்ச்சில் அமெரிக்கா ஒரு வாரம்போல ஆயுதத்தையும் உளவுத் தகவலையும் நிறுத்திவைத்தது. கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான். கீவில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசியுங்கள்.

சீனா எங்களுக்கு எதிராக இருந்ததா என்று கேட்கிறீர்கள். விற்றது. இலங்கை இராணுவத்தின் 152 மி.மீ. ஆட்டிலெறிகள் சீனத் தயாரிப்பு. 2000 ஏப்ரலில் ஆனையிறவு விழுந்த பிறகு கொழும்பு தட்டாத கதவு இல்லை. இந்தியா படை உதவிக்கு மறுத்தது. இஸ்ரேலோடு அறுந்திருந்த உறவை மே மாதமே புதுப்பித்தார்கள். கிபிர்ப் போர் விமானங்கள் அதற்கு முன்பே அங்கிருந்து வரத் தொடங்கியவை. உங்கள் அம்மம்மா பல்குழல் என்று சொல்வாவே, அந்த நாற்பது குழல் ரொக்கெட் வண்டி பழைய செக்கோஸ்லவாக்கியாவில் பிறந்த ஆர்.எம்-70. 2022இல் செக் நாடு உக்ரேனுக்குக் கொடுத்ததும் அதே சாதி வண்டிதான்.

மிக்-27 போர் விமானம் எங்கிருந்து வந்தது தெரியுமா? உக்ரேனிலிருந்து. 2000ஆம் ஆண்டில் இலங்கை விமானப்படை வாங்கியது. 2022 பெப்ரவரியில் கீவ் நகரத்துச் சனம் பிள்ளைகளோடு சுரங்க ரயில் நிலையத்தில் படுத்திருப்பதை ரீவியில் பார்த்தபோது எனக்கு எங்கள் பங்கர்தான் நினைவு வந்தது. அடுத்த நிமிடமே அந்த மிக்கின் சத்தமும் வந்தது. இரண்டையும் பிரித்து வைக்க முயன்று பார்த்தேன், முடியவில்லை. அந்தத் தாய்மாருக்கு அந்த விற்பனையோடு என்ன சம்பந்தம்? அவர்களுக்கு விமான எதிர்ப்பு ரவை கிடைக்கவேண்டும் என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். எங்களுக்கு அப்படி நினைக்க ஆள் இருந்ததா என்ற கேள்வியும் கூடவே வருகிறது. வந்துவிட்டுப் போகட்டும்.

அந்தக் குழாய் பற்றி. வெற்றுக் கோது என்றால் பயமில்லை. ஆனால் பாதி மண்ணுக்குள் இருப்பது கோதா, வெடிக்காத செல்லா என்று மேலே பார்த்துச் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. கிண்டிப் பார்க்கவேண்டாம், தட்டிப் பார்க்கவேண்டாம், படம் எடுக்கக் கிட்டப் போகவும் வேண்டாம். நாளைக் காலை கிராம சேவகரிடம் சொல்லுங்கள், கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கு அவர் அறிவிப்பார். கன்று இப்போது அதில் நிற்கிறதென்றால் குழாய்ப் பக்கம் போய் முடிச்சை அவிழ்க்கவேண்டாம். கன்றின் கழுத்துப் பக்கம் கயிற்றை வெட்டிவிட்டு, கயிற்றை அங்கேயே விட்டுவிடுங்கள்.