கைரோ ரோபோவா, லேசர் ரோபோவா: வீடு பெருக்க எது ஏற்றது?

வேலூர் சத்துவாச்சாரியில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு ரோபோ வாக்குவம் வாங்க நினைப்பவர்கள், விலை குறைந்த கைரோ மாடலா, லேசர் மாடலா என்றுதான் தயங்குகிறார்கள். ரோபோ வாக்குவம் என்பது தானே நகர்ந்து தூசியை உறிஞ்சும் தட்டையான கருவி.

கைரோ மாடல், சக்கரம் சுழன்ற அளவையும் தான் திரும்பிய கோணத்தையும் கொண்டே தன் இடத்தைக் கணிக்கிறது. மிதியடியில் சக்கரம் வழுக்கினால் கணக்குப் பிசகி, அந்தப் பிழை மேன்மேலும் கூடுவதால், கூடத்தின் ஒரு மூலை இருமுறை பெருக்கப்பட்டு மறுமூலை விடுபட்டுப் போகலாம். லேசர் மாடலோ, தலையில் சுழலும் சிறு கோபுரத்திலிருந்து ஒளியைச் செலுத்திச் சுவர்களின் தொலைவை அளந்து, வரைபடம் தீட்டிக்கொள்கிறது. மின்வெட்டில் அடிகளை எண்ணி நடப்பவருக்கும் டார்ச் அடித்து நடப்பவருக்கும் உள்ள வேறுபாடுதான் இது.

ஒற்றை அறைக்குக் கைரோவே போதும். பல அறைகளுக்கு லேசரையே நான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் கோபுரத்தால் அதன் உயரம் பெரும்பாலும் 9 செ.மீ.யைத் தாண்டும் என்பதால், கட்டிலின் அடியில் ஸ்கேலை நிறுத்தி அளந்துவிட்டு வாங்குங்கள். பழைய வீட்டு நிலைப்படியில் இரண்டுமே பெரும்பாலும் ஏறமாட்டா.

லேசர் இருந்தால் தூசியை அதிகம் இழுக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். லேசர் வழியறிய மட்டுமே, தூசியை இழுப்பவை மோட்டாரும் பிரஷ்ஷும்தான்.