நாயைச் சீவிய முடியைப் பறவைகள் கூடு கட்டத் தோட்டத்தில் போடலாமா?

மருந்து போடாத நாய் என்றால் போடலாம். கழுத்தில் தெள்ளுப்பூச்சி மருந்து சொட்டு விடும் நாய் என்றால் தயவுசெய்து வேண்டாம்.

நான் இருப்பது இங்கிலாந்தில். இலையுதிர் காலத்தில் கூட்டுப் பெட்டியைச் சுத்தம் செய்யும்போது, நம்மூர் பட்டாணிக் குருவியின் உறவான ப்ளூ டிட் கட்டிய கூட்டைப் பிரித்துப் பார்ப்பேன். அடியில் கனமாகப் பாசி, அதன்மேல் கிண்ணம்போல் அமுக்கிய முடியும் இறகும். முட்டை கிடப்பது அந்த முடியில்தான். பொரிந்த குஞ்சும் ஏறக்குறைய வெற்றுடம்போடு அதில்தான் நாட்கணக்கில் ஒட்டிக் கிடக்கும். சொட்டு மருந்தோ நாயின் தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கி, வாரக்கணக்கில் முடிக்கு வந்துகொண்டே இருக்கும்.

சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் இப்படி 103 கூடுகளின் உள்முடியைச் சோதித்து 2025இல் முடிவை வெளியிட்டார்கள். அத்தனை கூட்டிலும் தெள்ளுப்பூச்சிச் சொட்டு மருந்துகளில் சேர்க்கும் ஃபிப்ரோனில் இருந்தது. இங்கே வயலில் அடிக்கவே தடை செய்யப்பட்ட மருந்து அது. செல்லப்பிராணிகளுக்கு மட்டும் இன்னமும் விற்கிறார்கள். பூச்சிமருந்து அதிகமிருந்த கூடுகளில் பொரியாத முட்டையும் செத்த குஞ்சும் அதிகம். மருந்துதான் கொன்றது என்று இது நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் முடியைக் குப்பையில் போட எனக்கு இதுவே போதும்.

பூச்சிமருந்து எப்போதுமே கெடுதலா என்றால், அப்படியும் இல்லை. கலாபகஸ் தீவுகளில் ஒருவகை ஈயின் புழுக்கள் ஃபிஞ்ச் என்ற சிறு பறவையின் குஞ்சுகளுடைய ரத்தத்தை உறிஞ்சியே கொல்கின்றன. அங்கே பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தில் தோய்த்த பஞ்சை வைத்தார்கள். பறவைகள் தாமே எடுத்துப்போய்க் கூட்டில் செருகின. ஒரு கிராம் சேர்ந்த கூடுகளிலேயே புழு கிட்டத்தட்ட ஒழிந்துவிட்டது. அது உயிர் போகிற ஆபத்துக்கு, அளவு பார்த்துச் செய்தது. நம் தோட்டத்துக் கூடுகளில் அப்படி ஒரு அவசரம் இல்லை.

பறவைகளுக்குச் சொந்த வைத்தியமும் தெரியும். கோர்சிகா தீவில் ப்ளூ டிட் லாவெண்டர், புதினா போன்ற வாசனை இலைகளைக் கூட்டில் வைக்கிறது. எடுத்துவிட்டால் புதிதாகக் கொண்டுவருகிறது. அந்த இலைகள் குஞ்சின் தோலில் பாக்டீரியாவைக் குறைப்பதாக அங்கே ஆய்ந்தவர்கள் கண்டார்கள். அதனால் ஏதாவது வைத்தே ஆக வேண்டுமென்றால் தோட்டத்தில் ஒரு மூலையில் பாசியைச் சுரண்டாமல் விடுங்கள், நாலு மூலிகைச் செடி நடுங்கள்.

அப்புறம், மருந்தில்லாத முடியானாலும் விரல் நீளத்துக்குள் வெட்டிப் போடுங்கள். நீளமான முடியும் நூலும் குஞ்சின் காலில் சுற்றி இறுகிவிடும்.