சருமம் கேள்வி – பதில்: 50 கிராம் ட்யூப் எத்தனை நாள் வரணும்?

கேள்வி: காலையில் 10 சதவீத வைட்டமின் சி சீரம், அதன் மேல் எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன். ஆறு மாதமாக விடாமல் போடுகிறேன். தினமும் ஸ்கூட்டியில் பாபநாசம் போய்வருகிற வேலை. கன்னத்து மங்கு குறையவே இல்லை. 20 சதவீத சீரத்துக்கு மாறலாமா?
– வாசகி, கும்பகோணம்

மாற வேண்டாம். 20 சதவீதம் வரை போகப் போக எரிச்சல்தான் முதலில் கூடும். நம் மாநிறத் தோலில் எரிச்சல் எங்கே வந்தாலும் அது கறுப்பாகத்தான் ஆறும். மங்குக்கு மேல் இன்னொரு மங்கு எதற்கு?

முதலில் சன்ஸ்கிரீன் ட்யூபைப் பாருங்கள். அது எத்தனை நாளில் தீர்கிறது? அட்டையில் எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) என்று போட்டிருக்கும் 50 என்ற எண், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்துக் கிடைத்தது. அந்தக் கணக்கில் முகத்துக்கும் கழுத்துக்கும் ஏறக்குறைய ஒன்றேகால் கிராம் வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனி வரை விரலுக்கொரு கோடு பிதுக்கினால் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். தினம் ஒரு தடவை போட்டால் 50 கிராம் ட்யூப் 40 நாளில் தீர வேண்டும். இரண்டு தடவை என்றால் 20 நாள். உங்களுக்கு நாலு மாதம் வருகிறதா? அப்படியானால் மூன்றில் ஒரு பங்குதான் பூசுகிறீர்கள், 50-க்கு உரிய பாதுகாப்பு கிடைக்கவே கிடைக்காது. வரப்பு உடைந்து கிடக்கும்போது வயலுக்கு எவ்வளவு தண்ணீர் வைத்தாலும் நிற்காது. சீரத்துக்குப் போகிற பணத்தில் பாதியை சன்ஸ்கிரீனுக்கு மாற்றுங்கள் என்பதுதான் எங்கள் அபிப்பிராயம்.

இரண்டு கோட்டையும் ஒரே தடவையில் அப்பினால் திட்டுத்திட்டாக நிற்கும். ஒரு கோட்டைப் பூசி, இரண்டு நிமிடம் கழித்து மற்றதைப் பூசுங்கள். காது, பின்கழுத்து, ஹேண்டில்பாரில் வெயில் படும் புறங்கை, இவற்றை விட்டுவிடாதீர்கள். கைக்குத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். பூசி 15, 20 நிமிடம் கழித்து வண்டியை எடுங்கள். வழியில் வியர்வையைத் துப்பட்டாவால் அழுத்தித் துடைத்தால் பூசியதும் அதோடு போய்விடும், ஒற்றி எடுங்கள். வேலை முடிந்து கிளம்பும்போது இன்னும் வெயில் இருந்தால் மறுபடி பூச வேண்டும்.

மங்குக்கு இன்னொரு விஷயம் உண்டு. புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் அதைக் கறுக்க வைக்கும். சாதாரண சன்ஸ்கிரீன் அந்த வெளிச்சத்தைத் தடுப்பது குறைவு. அயர்ன் ஆக்ஸைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் 'டின்டட்' வகை தடுக்கும். பிஏ++++ (யுவிஏ என்ற புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அளவுக்கான குறி) என்று போட்ட டின்டட் சன்ஸ்கிரீனாக வாங்குங்கள். முகத்தில் சாம்பல் பூசினாற்போல வெளுத்துத் தெரியும் தொல்லையும் இருக்காது. சரியான அளவில் மூன்று மாதம் போட்டும் மாற்றமில்லை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு 'வெள்ளையாக்கும்' க்ரீம் மட்டும் வாங்காதீர்கள். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் மாதம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, முடி முளைத்து, நிறுத்தினால் எரிந்து, அந்த முகத்தை மீட்க மாதக்கணக்காகும்.

கேள்வி: வாங்கும்போது தண்ணீர் போல இருந்த சீரம் இப்போது டீ நிறத்துக்கு வந்துவிட்டது. போடலாமா?
– வாசகி, மயிலாடுதுறை

வேண்டாம், கொட்டிவிடுங்கள். சீரத்தில் இருக்கும் வைட்டமின் சி, அதாவது எல்-அஸ்கார்பிக் அமிலம், காற்று, வெளிச்சம், சூடு மூன்றுக்கும் ஆகாது. பழுதானால் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். பலன் போவதோடு விரலிலும் முகத்திலும் கறை பிடிக்கும். லேசான மஞ்சள் வரை சமாளிக்கலாம். சில சீரம் புதிதாகவே மஞ்சளாக இருப்பதால், திறந்த அன்று இருந்த நிறத்தோடு ஒப்பிட வேண்டும். மார்க்கரால் பாட்டிலில் தேதி எழுதிவையுங்கள். மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

சித்திரை, வைகாசியில் ஓட்டு வீடோ தகர ஷீட்டோ, மத்தியானம் அலமாரிக்குள்ளும் கொதிக்கும். ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. குளியலறை கூடவே கூடாது. ட்ராப்பரை முகத்தில் தொடாமல் உள்ளங்கையில் நாலைந்து சொட்டு விட்டு, ஈரம் காய்ந்த முகத்தில் பூசி, உடனே மூடுங்கள். ஃப்ரிட்ஜ் வசதி இல்லையென்றால் அட்டையில் எத்தில் அஸ்கார்பிக் அமிலம் அல்லது சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட் என்று இருப்பதை வாங்கலாம், இவையும் வைட்டமின் சி-யின் வேறு வடிவங்கள்தான். வேகம் கொஞ்சம் குறைவு. ஆனால் சீக்கிரம் கெடாது, எரியாது.

கேள்வி: எலுமிச்சம்பழத்திலும் அதே வைட்டமின் சி தானே? தோலை முகத்தில் தேய்த்தால் போதாதா?
– வாசகி, திருவையாறு

போதாது, ஆபத்தும்கூட. 100 மில்லி எலுமிச்சைச் சாற்றில் வைட்டமின் சி 50 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். 10 சதவீத சீரத்தில் அதே 100 மில்லிக்கு 10,000 மில்லிகிராம். இருநூறு மடங்கு! பழத்தோலின் எண்ணெயில் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டால் தோலைச் சுடும்: சிவந்து, கொப்புளித்து, பல வாரம், சில சமயம் மாதக்கணக்கில், கறுப்புத் தழும்பாக நிற்கும். எலுமிச்சை தேய்த்துவிட்டு அக்னி நட்சத்திர வெயிலில் இறங்குவது தீக்காயத்தை வரவழைப்பதுதான். பழத்தைச் சாப்பாட்டில் பிழியுங்கள்.

கேள்வி: அம்மா நடவுக்குப் போகிறார். முகமும் பின்கழுத்தும் கன்றிப்போகின்றன. மஞ்சள் பூசினால் போதும் என்கிறார். எந்த சன்ஸ்கிரீன் வாங்கித் தரலாம்?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

முதலில் துணி, பிறகுதான் க்ரீம். நடவில் நாள் முழுக்கக் குனிந்தே நிற்பதால் வெயில் நேராக முதுகிலும் பின்கழுத்திலும் விழுகிறது. சேற்றுத் தண்ணீரிலிருந்து கொஞ்சம் முகத்துக்கும் எழும்புகிறது. சேலைக்கு மேல் போடும் முழுக்கைச் சட்டை நல்ல வழக்கம், காலரைத் தூக்கிவிடச் சொல்லுங்கள். தலையில் கட்டும் துண்டின் நுனி பின்கழுத்தை மறைத்துத் தொங்கட்டும். துணி மறைக்காத கன்னம், மூக்கு, புறங்கைக்கு மட்டும் தண்ணீரில் கரையாத எஸ்பிஎஃப் 50. 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று போட்டிருந்தாலும் அது 40 அல்லது 80 நிமிடத்துக்குத்தான். டீ குடிக்க கரையேறும்போது முகத்தைக் கழுவி, துடைத்து, மறுபடி பூச வேண்டும். அதனால்தான் துணியை முதலில் சொன்னோம்.

மஞ்சள் வெயிலைத் தடுக்காது. அம்மாவுக்கு அது பிடித்தமென்றால் சாயங்காலக் குளியலில் பூசட்டும். காலையில் பூசிய மஞ்சளின் மேல் சன்ஸ்கிரீன் சீராகப் படியாது.

கேள்வி: ஐப்பசி மழையில் வெயிலே இல்லையே, நிறுத்தலாமா?
– வாசகி, நாகப்பட்டினம்

கூடாது. மங்கையும் சுருக்கத்தையும் தூண்டும் யுவிஏ கதிர் மேகத்தையும் ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும்.

கேள்வி: முகப்பருவுக்கு பென்சாயில் பெராக்ஸைடு போடுகிறேன். வைட்டமின் சி கூடச் சேர்க்கலாமா?
– வாசகர், மன்னார்குடி

ஒரே வேளையில் வேண்டாம். அது வைட்டமின் சி-யை ஆக்ஸிஜனேற்றி வீணாக்கும். இரவில் பென்சாயில் பெராக்ஸைடு. காலையில் வைட்டமின் சி, அது காய்ந்த பின் தேவைப்பட்டால் மாய்ஸ்சரைசர், கடைசியாக சன்ஸ்கிரீன். முதல் இரண்டு வாரம் வைட்டமின் சி-யை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். ஷேவிங் செய்த காலையில் எரியும், அன்று விட்டுவிடுங்கள். சன்ஸ்கிரீனை மட்டும் எந்த நாளும் விட வேண்டாம்.