8,500 வெள்ளியை 68ஆல் பெருக்காதீர்கள்

கேள்வி: வணக்கம் சார். வயது 34, சென்னையில் ஐடி வேலை. பிஎஃப், வரி எல்லாம் போகக் கைக்கு 1.35 லட்சம் வருகிறது. மனைவி தனியார் வங்கியில் இருக்கிறார், அவருக்கு 75,000. மகளுக்கு 7 வயது. மேடவாக்கத்தில் சொந்த ஃபிளாட், இஎம்ஐ 38,000. செலவெல்லாம் போக மாதம் 80,000 மிச்சம் பிடிக்கிறோம். இப்போது சிங்கப்பூரில் ஒரு ஐடி கம்பெனி எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதி) மாதம் 8,500 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், தருவதாகச் சொல்லி, ஜூலை முதல் வாரம் சேரச் சொல்கிறது. வெள்ளிக்கு 68 ரூபாய் ரேட்டில் நம்மூர்க் காசுக்கு 5.78 லட்சம். மனைவியை வேலையை விடச் சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு போய், 5 வருடத்தில் ஒரு கோடி சேர்த்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். அந்தச் சம்பளத்தை நம்பிப் பள்ளிக்கரணையில் 90,000 இஎம்ஐயில் இன்னொரு ஃபிளாட் புக் செய்யலாமா? பிபிஎஃப், மகளின் செல்வமகள் கணக்கு இதெல்லாம் என்ன ஆகும்?
(பெயர் வேண்டாம், மேடவாக்கம்)

பதில்: ஃபிளாட் புக் செய்ய வேண்டாம். மனைவியும் இப்போதைக்கு ராஜினாமா கொடுக்க வேண்டாம். நீங்கள் போகலாம், ஆனால் நீங்கள் நினைத்திருக்கிற மாதிரி போகக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

சிங்கப்பூர் சம்பளக் கடிதம் கையில் வந்ததும் எல்லோரும் செய்கிற முதல் வேலை, அன்றைய ரேட்டால் பெருக்கிப் பார்ப்பது. நானும் அப்படிப் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன், அங்கே ஈசூன் என்ற பகுதியில் 3 வருடம் இருந்தேன். அந்த 8,500 உங்களுக்காக யாரும் எதையும் எடுத்து வைக்காத பணம் என்பது அங்கே போன பிறகுதான் உறைக்கும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மத்திய சேமநிதி உண்டு, முதலாளியும் அதில் போடுவார். எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரருக்கு அது கிடையாது. ஆகவே பிஎஃப் இல்லை, கிராஜுவிட்டி இல்லை. வருமான வரியும் மாதாமாதம் பிடிக்க மாட்டார்கள், முழுச் சம்பளமும் கைக்கு வரும், மறு வருடம் ஏப்ரலில் நீங்களே கணக்குக் காட்டிக் கட்ட வேண்டும். உங்கள் சம்பளத்துக்கு மனைவி, குழந்தைக்கான கழிவு போக வருடத்துக்கு 5,000 வெள்ளி சுற்றி வரும், 12 தவணையாகவும் கட்டலாம். தொகை ஒன்றும் பயங்கரமில்லை, ஆனால் முதல் வருடம் அந்தப் பணத்தையும் சேர்த்துச் செலவழித்துவிட்டு வரி நோட்டீஸைப் பார்த்து முழித்தவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர்.

சரி, குடும்பத்தோடு போனால் மாதம் எப்படி ஓடும் என்று பார்க்கலாம். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடியில் மூன்றறை வீடு என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள், கூடத்தையும் ஓர் அறையாக எண்ணுவது அங்கே வழக்கம், அதாவது இரண்டு படுக்கையறைதான். அதற்கு 2,800 வைத்துக்கொள்ளுங்கள், எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம் பக்கத்தில் வேண்டுமென்றால் இன்னும் கூடும். கரண்ட், தண்ணீர், ஏர்கான் சர்வீஸ் 250. பள்ளிக்கூடம்தான் பெரிய பூதம். அரசுப் பள்ளியில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இடம் கேட்டால் கிடைத்துவிடாது, நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், தேறினாலும் காலி இடம் இருக்க வேண்டும். கிடைத்தால் தமிழையே தாய்மொழிப் பாடமாகப் படிக்கலாம், அது நல்ல விஷயம்தான், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போட முடியாது. இந்தியப் பாடத்திட்டப் பள்ளி என்றால் மாதம் ஆயிரத்துச் சொச்சத்தில் தொடங்கி இரண்டாயிரம் வரை போகும், நடுவில் 1,300 என்று வைப்போம். மளிகையும் அவ்வப்போது வெளிச்சாப்பாடும் 1,100. பஸ், ரயில் 250. போன், இன்டர்நெட் 80. மனைவிக்கும் மகளுக்கும் மருத்துவக் காப்பீடு 250 (உங்களுக்குக் கம்பெனி கொடுக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள், எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு அது கட்டாயமில்லை, அரசு மருத்துவமனைச் சலுகையும் உங்களுக்குக் கிடையாது). ஊருக்கு வந்துபோக மாதத்துக்கு 200 ஒதுக்கி வையுங்கள், டிசம்பர் டிக்கெட் விலை தெரியும்தானே. வரிக்கு 420. துணிமணி, கல்யாண மொய், மகளின் பாட்டு கிளாஸ் என்று இதர செலவு 300. கூட்டினால் 6,950. கார் பற்றி நான் எழுதவே இல்லை, 10 வருடம் வண்டி வைத்துக்கொள்வதற்கான அனுமதிச் சான்றே 2025இல் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிப் போனது.

மிச்சம் 1,550 வெள்ளி, உங்கள் ரேட்டிலேயே 1.05 லட்சம். இதிலிருந்து மேடவாக்கம் இஎம்ஐ 38,000 போக வேண்டும், அது உங்களோடு விமானம் ஏறாது. அந்த ஃபிளாட்டை 20,000க்கு வாடகைக்கு விட்டால், நீங்கள் என்ஆர்ஐ என்பதால் குடியிருப்பவர் 31.2 சதவீதம் வரி பிடித்துத்தான் தர வேண்டும். 20,000 வாடகைக்குக்கூட அப்படித்தான், அவர் முகம் சுளிப்பார். இங்கே ரிட்டர்ன் தாக்கல் செய்தால் கூடுதலாகப் பிடித்தது பிறகு திரும்பி வரும், கைக்கு உடனே வருவது 13,760. ஆக மொத்தம் மாதச் சேமிப்பு 81,000 ரூபாய்.

இப்போது நீங்கள் மிச்சம் பிடிப்பது 80,000.

ஆயிரம் ரூபாய் கூடுதலுக்காக மனைவியின் வேலையும் உங்கள் பிஎஃப்பும் போகின்றன. 5 வருடத்தில் 48 லட்சத்துச் சொச்சம் வரும், கோடி வராது. இதில் பள்ளிக்கரணை இஎம்ஐ 90,000ஐ எங்கே செருகுவீர்கள்?

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது பாஸ். 2025 ஜனவரியில் வந்த கணக்குப்படி எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 23 வயதுக்காரருக்கு 5,600இல் தொடங்கி, வயது ஏற ஏறக் கூடி, 45 வயதில் 10,700 ஆகிறது. 34 வயதுக்கு அது 8,150 அளவில் வருகிறது, உங்கள் 8,500 தப்பித்துவிடும். ஆனால் முதல் பாஸ் அதிகபட்சம் 2 வருடம்தான். புதுப்பிக்கும்போது உங்களுக்கு 36, அப்போது இதே அட்டவணையில் வரம்பு 8,600ஐத் தாண்டியிருக்கும், அட்டவணையையே இடையில் உயர்த்தினால் இன்னும் மேலே. சம்பள உயர்வு இல்லாமல் அதே 8,500இல் இருந்தால் பாஸ் புதுப்பிக்கவே வழியில்லை. உங்கள் எச்ஆரிடம் இதைக் கேளுங்கள், பதில் மழுப்பலாக வந்தால் அதிலேயே உங்களுக்குப் புரிந்துவிடும். அப்புறம், டிபென்டன்ட் பாஸில் (குடும்பத்தினருக்கான அனுமதி) வருகிற மனைவி முன்பு ஓர் அனுமதிக் கடிதம் வாங்கி வேலைக்குப் போகலாம், 2021 மே முதல் அது நின்றுவிட்டது, அவருக்கென்று தனி வேலை பாஸ் கிடைத்தால்தான் உண்டு. "அங்கே போய் ஏதாவது பார்த்துக்கொள்ளலாம்" என்பது நடக்காது.

வேலை போனால்? பாஸ் ரத்தானதும் பொதுவாக 30 நாள் விசிட் பாஸ் கொடுப்பார்கள், அதற்குள் வேறு வேலை அல்லது ஊர். நீங்கள் நாட்டை விட்டுப் போகிறீர்கள் என்றால் வரிக் கணக்கு முடியும்வரை கம்பெனி கடைசிச் சம்பளத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், ஆக, கை வறண்டிருக்கிற அதே மாதம் சம்பளமும் வராது. வீட்டு ஒப்பந்தம் 2 வருடத்துக்குப் போட்டிருந்தால், வேலை போனால் வெளியேறலாம் என்கிற டிப்ளமேட்டிக் க்ளாஸ் வழக்கமாக 12 மாதம் கழித்துத்தான் செல்லும், அதற்குமேல் 2 மாத நோட்டீஸ். 5ஆம் மாதம் வேலை போனவர் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் குடும்பத்தைக் கூப்பிடும் முன் 3 மாதச் செலவு, அதாவது 21,000 வெள்ளி, சிங்கப்பூர் வங்கிக் கணக்கிலேயே வெள்ளியாக இருக்க வேண்டும் என்கிறேன். அதை ரூபாயாக்கி இங்கே அனுப்பிவிடாதீர்கள்.

வீடு எடுக்கும்போது கைக்காசு எவ்வளவு போகும் என்பதையும் யாரும் சொல்வதில்லை. 2 மாத முன்பணம் 5,600, முதல் மாத வாடகை 2,800, மொத்த வாடகையில் 0.4 சதவீதம் முத்திரை வரி 269. முதல் சம்பளம் வரும் முன்பே 8,700 வெள்ளி, ஏறத்தாழ 5.9 லட்சம் ரூபாய். ஏஜென்ட் கமிஷன் இருந்தால் அது தனி.

நாம் சென்னை வெயிலில் வளர்ந்தவர்கள், அந்த ஊர் வெப்பம் நம்மை என்ன செய்யும் என்றுதான் நானும் நினைத்தேன். பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி மேலே இருக்கிற ஊர் அது. அங்கே மார்கழி கிடையாது, வருடம் முழுக்க 24க்கும் 33க்கும் நடுவில் ஒரே புழுக்கம், எந்த நேரமும் மழை. முதல் வருட முடிவில் அலமாரியைத் திறந்தபோது என் தோல் ஷூ பச்சையாகியிருந்தது, பெட்டியில் மடித்து வைத்த மனைவியின் கூறைப்புடவையில் மடிப்பு மடிப்பாக வெள்ளைப் பூசணம். (புடவையை இங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.) அதைவிடப் பெரிய அடி ஏர்கானில். 3 மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்து ரசீது வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது, நான் இரண்டு முறை விட்டுவிட்டேன், ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று. காலி செய்கிற அன்று வீட்டுக்காரர் கையில் டார்ச்சோடு வந்தார், மூன்று மெஷினுக்குள்ளும் அடித்துப் பார்த்தார், கட்டில் பின்னால் சுவரில் படர்ந்திருந்த கரும்புள்ளியை விரலால் தேய்த்துக் காட்டினார். கெமிக்கல் வாஷுக்கும் சுவர் பெயின்டுக்கும் முன்பணத்தில் 740 வெள்ளி பிடித்துவிட்டார். சண்டை போட ஒன்றுமில்லை, ஒப்பந்தத்தில் அது தெளிவாகத்தான் இருந்தது. ரசீதுகளை ஃபோனில் படம் பிடித்து ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். குடி போகும் நாளிலேயே எல்லாச் சுவரையும் வீடியோ எடுத்துவிடுங்கள்.

இப்போது நான் சொல்கிற வழி. ஜூலையில் நீங்கள் மட்டும் போங்கள். ஒரு வீட்டில் ஓர் அறை எடுத்தால் 1,100, சாப்பாடு 600, பஸ்ஸும் போனும் 180, வரி, டிக்கெட், இதர எல்லாம் சேர்த்து 1,000. மாதம் 5,600 வெள்ளி மிஞ்சும். சென்னை வீட்டுச் செலவில் மனைவியின் சம்பளத்துக்கு மேல் விழுகிற 40,000ஐ அனுப்பினாலும் கையில் 5,000 நிற்கும். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு ஏப்ரலில்தான் புது வருடம், மகளை நடுவில் பிடுங்கி நட வேண்டாம். மார்ச் வரை 9 மாதத்தில் 45,000 வெள்ளி சேரும். நான் சொன்ன 3 மாதச் செலவு 21,000, வீடு எடுக்க 8,700 போக 15,000 மிச்சம் இருக்கும். அதற்குள் வேலை நிலைக்குமா, பாஸ் புதுப்பிக்கும்போது சம்பளம் ஏறுமா, மனைவிக்குத் தனி பாஸ் தரும் கம்பெனி இருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். 7 வயதுப் பிள்ளையை விட்டு 9 மாதம் இருப்பது லேசில்லை, அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. திருச்சிக்கும் சென்னைக்கும் நேரடி விமானம் 4 மணி நேரம்தான், தீபாவளிக்கு அங்கேயும் விடுமுறை, வந்து போங்கள்.

கையெழுத்துப் போடும் முன் பேரம் பேசுங்கள் தம்பி. 9,300 கேளுங்கள். முடியாது என்றால் பள்ளிக் கட்டணத்தில் பாதியோ குடும்பக் காப்பீடோ கேளுங்கள். கேட்டதற்காக வேலையைத் திருப்பி எடுத்துக்கொண்டவர்களை நான் பார்த்ததில்லை.

இந்தியப் பக்கம் வேலை கொஞ்சம்தான். ஜூலையில் கிளம்பினால் இந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் கீழேதான் இருப்பீர்கள், வரிக் கணக்கில் என்ஆர்ஐ ஆகிவிடுவீர்கள், சிங்கப்பூர் சம்பளத்துக்கு இங்கே வரி வராது. சேரும் தேதி அக்டோபருக்குத் தள்ளிப்போனால் இது மாறிவிடும், கவனம். சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக (என்ஆர்ஐயின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) மாற்றச் சொல்லுங்கள், வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்பிப் போட புதிதாக ஓர் என்ஆர்இ கணக்கு திறங்கள், அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. மியூச்சுவல் ஃபண்டுகளில் கேஒய்சியை மாற்றுங்கள். பிபிஎஃப்பை முதிர்வு வரை கட்டலாம், அதற்குமேல் நீட்டிக்க முடியாது. செல்வமகள் கணக்கு வேறு மாதிரி, மகள் வெளிநாட்டுவாசி ஆனால் ஒரு மாதத்துக்குள் தெரிவித்து மூட வேண்டும், ஆகவே ஏப்ரல் வரை கவலையில்லை. இங்கே இருக்கிற மருத்துவக் காப்பீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள், அங்கே செல்லாது என்றாலும் திரும்பி வரும்போது புதிதாகக் காத்திருப்புக் காலம் தொடங்காமல் இருக்கும்.

மனைவியின் வங்கி ஏப்ரலிலிருந்து ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்பு கொடுக்குமா என்று விசாரித்து எழுதுங்கள். அந்தப் பதில் வந்ததும் ஏப்ரல் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம்.