பழைய மென்பொருள், புதிய விண்டோஸ்: கேள்விகளும் பதில்களும்

பழைய மென்பொருள்களைப் புதிய இயங்குதளத்தில் ஓட்டுவது பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே சிக்கலைக் கேட்டிருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். கீழே வரும் 16, 32, 64 பிட் என்பவை, ப்ராசசர் ஒரே முறையில் கையாளும் தரவின் அளவைக் குறிக்கின்றன.

கேள்வி: டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) காலத்துச் சரக்கு இருப்புப் புரோகிராம் ஒன்று எங்களிடம் உள்ளது. 32 பிட் விண்டோஸ் 10-இல் ஓடிக்கொண்டிருந்த அது, விண்டோஸ் 11-இல் திறக்கவே மறுக்கிறது. நிர்வாகி உரிமையோடு இயக்கியும் பயனில்லை. எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?

பதில்: எந்த அமைப்பை மாற்றினாலும் அது நேரடியாக ஓடாது. இதைப் போன்ற 16 பிட் புரோகிராம்களை ஓட்டுவதற்கென்று 32 பிட் விண்டோஸில் என்டிவிடிஎம் என்ற பகுதி இருந்தது. 64 பிட் விண்டோஸில் அது ஒருபோதும் இடம்பெறவில்லை. டாஸ் புரோகிராம்களை ஓட்ட அந்தப் பகுதி பயன்படுத்திய 'மெய்நிகர் 8086' என்னும் நிலை (பழைய 8086 ப்ராசசரைப் போல நடந்துகொள்வது), இன்டெல் வகை ப்ராசசர் 64 பிட் முறையில் இயங்கும்போது கிடைப்பதில்லை என்பது இதற்கு முதன்மையான காரணம். விண்டோஸ் 11 64 பிட்டாக மட்டுமே வெளிவருவதால், 32 பிட் பதிப்பை நிறுவித் தப்பிக்கும் வழியும் அடைபட்டுவிட்டது.

ஆகவே, ப்ராசசரையே மென்பொருளால் போலச்செய்யும் டாஸ்பாக்ஸ் போன்ற ஒன்றுக்குள்தான் அதை ஓட்ட வேண்டும். டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அச்சிடுதல், பலர் ஒரே கோப்பைத் திறக்கும்போது தேவைப்படும் பூட்டு ஆகியவற்றில் அதை நம்பியிருக்க முடியாது. அலுவல் பயன்பாட்டுக்கு அதிலிருந்து கிளைத்த டாஸ்பாக்ஸ்-எக்ஸ் பொருத்தமானது. முதலில் தரவுக் கோப்புறையின் நகலை மட்டும் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். அசல் வெளியிலேயே இருக்கட்டும்.

கேள்வி: டர்போ பாஸ்கல் என்ற பழைய நிரலாக்கக் கருவியில் எழுதிய புரோகிராம், திறந்தவுடனே 'ரன்டைம் எர்ரர் 200' என்று சொல்லி நின்றுவிடுகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

பதில்: கோப்பில் கோளாறு இல்லை, கணினி வேகமாகிவிட்டது, அவ்வளவுதான். டர்போ பாஸ்கலில் திரையையும் விசைப்பலகையையும் கையாளும் சிஆர்டி யூனிட் என்ற பகுதி, தொடக்கத்தில் ஏறத்தாழ 55 மில்லிவினாடிக்குள் ஒரு வெற்றுச் சுழற்சி எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை 55-ஆல் வகுக்கிறது. வேகமான ப்ராசசரில் ஈவு 16 பிட்டுக்குள் அடங்காமல் போக, ப்ராசசர் அதைச் சுழியால் வகுத்த பிழையாகவே அறிவிக்கிறது. டாஸ்பாக்ஸில் கன்ட்ரோல்-எஃப்11 விசை வேகத்தைக் குறைக்கும். அமைப்புக் கோப்பில் வேகத்தைக் குறிக்கும் சைக்கிள்ஸ் மதிப்பை நிரந்தரமாகக் குறைத்து வைப்பது இன்னும் நல்லது.

கேள்வி: ஒரு புரோகிராம் 16 பிட்டா, 32 பிட்டா என்று எப்படி அறிவது?

பதில்: அதன் இஎக்ஸ்இ கோப்பின் நகலை நோட்பேடில் திறந்து, சேமிக்காமல் தொடக்கத்தை மட்டும் பாருங்கள். முதலில் 'எம்இசட்' என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். சற்றுத் தள்ளி 'பிஇ' என்றும் அதையடுத்து 'எல்' என்றும் இருந்தால் 32 பிட். 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் சிறிய 'டி' இருந்தால் 64 பிட். 'பிஇ' இருக்க வேண்டிய இடத்தில் 'என்இ' இருந்தால் விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட். இதைப் பார்க்காமல் அமைப்புகளை மாற்றத் தொடங்குபவர்கள்தான் நாள்கணக்கில் அலைகிறார்கள். ஒன்றைக் கவனிக்கவும்: புரோகிராம் 32 பிட்டாக இருந்து, அதை நிறுவும் செட்டப் மட்டும் 16 பிட்டாக இருப்பது 1990-களின் மென்பொருள்களில் சாதாரணம்.

கேள்வி: பொருந்துநிலை என்று வலச்சொடுக்கில் வரும் அமைப்பு உண்மையில் என்ன செய்கிறது?

பதில்: பெரும்பாலும் பொய் சொல்கிறது. 'இது எந்த விண்டோஸ்?' என்று புரோகிராம் கேட்கும்போது பழைய பதிப்பின் எண்ணைக் கொடுக்கிறது. வேறு சில அழைப்புகளுக்கும் பழைய முறையில் விடை அளிக்கிறது. பதிப்பு எண்ணைப் பார்த்து அடம்பிடிக்கும் புரோகிராமுக்கு இது போதும். கருவிகளை இயக்கும் டிரைவருக்கோ 16 பிட் புரோகிராமுக்கோ உதவாது.

கேள்வி: எங்கள் பழைய கணக்கு மென்பொருளில் நேற்று வரை பதிந்தவை இருந்தன. நிர்வாகியாக இயக்கச் சொல்லி ஒருவர் அறிவுறுத்தினார். அப்படிச் செய்தவுடன் பல மாதப் பதிவுகள் காணாமல் போய்விட்டன. மீட்க முடியுமா?

பதில்: பதற வேண்டாம், அவை பெரும்பாலும் அழிந்திருக்காது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் புரோகிராம்கள் தாங்கள் நிறுவப்பட்ட 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறைக்குள்ளேயே தரவையும் எழுதின. அதற்கு அடுத்து வந்த விஸ்டா முதல் சாதாரணப் பயனருக்கு அங்கே எழுதும் உரிமை இல்லை. ஆனால் பழைய 32 பிட் புரோகிராம் நின்றுவிடக் கூடாதே என்பதற்காக, அது எழுதுவதை விண்டோஸ் சத்தமில்லாமல் அந்தப் பயனருடைய ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர் என்ற வரிசையில் உள்ள கோப்புறைக்குத் திருப்பி விடுகிறது. நிர்வாகியாக இயக்கினால் இந்தத் திருப்பம் நடைபெறாது. புரோகிராம் அசல் இடத்தில் கிடக்கும் பழைய கோப்பைத் திறக்கிறது. வேறொரு பயனர் உள்நுழைந்தாலும் இதே குழப்பம்தான்.

புரோகிராமை மூடிவிட்டு, இரண்டு இடத்திலும் உள்ள கோப்புகளைத் திருத்தப்பட்ட தேதியோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் நகல் எடுங்கள். நிர்வாகியாகத் திறந்தபின் புதிதாக எதையும் பதியாமல் இருந்தால் வேலை எளிது. பிறகு புரோகிராமை 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்'க்கு வெளியே தனிக் கோப்புறையில் நிறுவி, பயனர்களுக்கு எழுதும் உரிமை கொடுத்து, புதிய தேதியுள்ள கோப்புகளை அங்கே வையுங்கள். எதற்கெடுத்தாலும் 'நிர்வாகியாக இயக்கு' என்று சொல்லும் அறிவுரை எனக்கு உடன்பாடில்லாததற்கு இதுவே காரணம்.

கேள்வி: விபி6-இல் (விஷுவல் பேசிக் 6) எழுதிய புரோகிராம் திறக்கிறது, ஆனால் நான் உருவாக்கிய ஓடிபிசி (தரவுத்தளத்தோடு இணைக்கும் முறை) இணைப்பு இல்லை என்கிறது.

பதில்: நீங்கள் 64 பிட் பட்டியலில் உருவாக்கியிருப்பீர்கள், விபி6 புரோகிராம்களோ 32 பிட். நிர்வாகக் கருவிகளில் ஓடிபிசி 32 பிட், 64 பிட் என்று இரண்டாக இருக்கும்; 32 பிட்டுக்கு உரியதில் மீண்டும் உருவாக்குங்கள். பெயர்களும் ஏமாற்றும்: 64 பிட் விண்டோஸில் 'சிஸ்டம்32' கோப்புறையில் இருப்பவை 64 பிட் கோப்புகள், 'சிஸ்வாவ்64'-இல் இருப்பவை 32 பிட்.

கேள்வி: எக்ஸ்பி டிரைவர் மட்டுமே உள்ள அளவுக் கருவியை இணைக்க வழி உண்டா?

பதில்: 64 பிட் விண்டோஸ் 64 பிட் டிரைவரை மட்டுமே ஏற்கும். கருவி சீரியல் போர்ட் வழியாகப் பேசுவதானால், யுஎஸ்பி-சீரியல் மாற்றியே போதுமானதாக இருக்கக்கூடும். யுஎஸ்பி கருவியானால் கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற ஒன்றில் எக்ஸ்பி நிறுவி, கருவியை அதற்குள் ஒப்படைக்கலாம். எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-உடன் நின்றுவிட்டதால், அந்த மெய்நிகர் கணினிக்கு இணைய இணைப்பைக் கொடுக்க வேண்டாம். கோப்புகளைப் பகிர்வுக் கோப்புறை வழியாக எடுத்துக்கொள்ளுங்கள்.