பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். பாப்பாவுக்கு ஒன்றரை வயது. பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போகிறேன், மாதம் 3,000 ரூபாய் கொடுக்கிறேன். வெளிநாட்டில் இதற்கு அரசாங்கமே பணம் தருகிறதாமே, இங்கே ஏதாவது உண்டா? கம்பெனியில் காப்பகம் கேட்டால், “பெண்கள் 25 பேர்கூட இல்லை, சட்டம் நமக்குப் பொருந்தாது” என்கிறார் மேனேஜர். மொத்தம் 120 பேர் வேலை செய்கிறோம்.
– வாசகி, திருப்பூர்

பதில்: வேலைக்குப் போகும் தாய்க்குக் காப்பகச் செலவைப் பணமாகக் கையில் தரும் பொதுத் திட்டம் நம்மிடம் இல்லை, சகோதரி. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் வருவது பேறுகால உதவி, அது வேறு.

ஆனால் உங்கள் மேனேஜர் சொல்வது பழைய கணக்கு. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தில் 30 பெண்களுக்கு மேல் இருந்தால்தான் காப்பகம் என்று இருந்தது. அதனால் பெண்களை 30-க்குள்ளேயே நிறுத்திக்கொண்டால் காப்பகச் செலவு மிச்சம் என்று முதலாளி நினைக்க அந்தச் சட்டமே வழிவிட்டது. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது இதை மாற்றினார்கள், ஆண் பெண் என்று பிரிக்காமல் மொத்தம் 50 ஊழியர் இருந்தாலே காப்பக வசதி கட்டாயம். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 50 தான். உங்கள் கம்பெனியில் 120 பேர். அப்புறம் என்ன பேச்சு?

தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம், ஓய்வு இடைவேளையும் அதில் சேர்த்திதான். “இடமில்லை” என்று அடுத்த காரணம் வரும், பாருங்கள். நாலைந்து கம்பெனிகள் சேர்ந்து பொதுவாக ஒரு காப்பகம் நடத்தலாம், நகராட்சியோ தனியாரோ நடத்துவதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று புதிய சட்டமே சொல்கிறது. திருப்பூர் மாதிரி தெருவுக்குத் தெரு கம்பெனி இருக்கும் ஊரில் இது முடியாது என்றால் வேறு எந்த ஊரில் முடியும்?

வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள். குழந்தை வைத்திருக்கும் மற்றவர்களும் கையெழுத்துப் போடட்டும், ஆண்களும் போடலாம், நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். பதில் வராவிட்டால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

கேள்வி: மகனின் காப்பகக் கட்டணத்துக்கு வருமான வரிச் சலுகை உண்டா?
– வாசகர், கோவை

பதில்: காப்பகக் கட்டணத்துக்கு இல்லை. பிளே ஸ்கூல், நர்சரி என்றால் அங்கே கட்டும் கல்விக் கட்டணத்தை 80சி என்று எல்லோரும் சொல்லும் அந்த 1.5 லட்சம் ரூபாய்க் கழிவுக்குள் காட்டலாம், இரண்டு பிள்ளைகள் வரை. அதுவும் பழைய வரி முறையில் இருந்தால்தான். மூன்று வயதுப் பிள்ளையைப் பள்ளியில் விட்டால் சலுகை, ஒரு வயதுப் பிள்ளையைக் காப்பகத்தில் விட்டால் கிடையாது என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. குடும்பத்துக்கு அதிகம் செலவு வைப்பது அந்தச் சின்ன வயதுதான்.

கேள்வி: துணிக்கடையில் வேலை. மொத்தமே 9 பேர். பால்வாடி மாலைக்குள் மூடிவிடுகிறது, எனக்கு வேலை முடிய இரவு 9 ஆகிறது. எனக்கு என்ன வழி?
– வாசகி, மதுரை

பதில்: 50 பேர் என்ற அந்த எல்லை உங்களைப் போன்றவர்களை அப்படியே வெளியே விட்டுவிடுகிறது. கடை, வீட்டு வேலை, சின்னப் பட்டறை என்று பெண்கள் அதிகம் வேலை செய்யும் இடங்களே இவைதான், இதுதான் என் பெரிய வருத்தம். மத்திய அரசின் மிஷன் சக்தியில் ‘பால்னா’ என்று ஒரு திட்டம் இருக்கிறது. அங்கன்வாடியோடு சேர்த்தே காப்பகம், 6 மாதம் முதல் 6 வயது வரை பார்த்துக்கொள்வார்கள், செலவில் 60 சதவீதம் மத்திய அரசு, 40 சதவீதம் மாநில அரசு. எல்லா அங்கன்வாடியிலும் இது கிடையாது. உங்கள் பகுதியில் எங்கே இருக்கிறது என்று குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் கேளுங்கள். இல்லை என்றால் கடைத்தெருவில் வேலை செய்யும் தாய்மார்கள் சேர்ந்து அங்கேயே மனு கொடுங்கள், எத்தனை குழந்தைகள், எந்த வயது, எத்தனை மணி வரை தேவை என்பதை அதில் தெளிவாக எழுதுங்கள். அதுவும் இரவு 9 வரை திறந்திருக்காது. அதனால் குழந்தை கொஞ்சம் வளரும் வரை காலை நேர வேலையாக மாற்றித் தரச் சொல்லிக் கடை முதலாளியிடமும் கேட்டுப் பாருங்கள்.